இரண்டு விரல் மேலே போன ஊசி

என் மகளுக்கு இடது தோளில் அந்த ஊசியைப் போட்டது மதியம் ஒன்று முப்பத்தைந்துக்கு. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு மணிக்கு அவளுக்கு லைவ். அதற்குள் ஊசியை முடித்து அவளைத் திரும்பக் கடையில் விட வேண்டும் என்று நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லைவ் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடி. இரண்டு வெள்ளை விளக்குகள், ஸ்டாண்டில் ஒரு போன். அதன் எதிரே என் மகள் நின்றுகொண்டு, ஒவ்வொரு புடவையாக எடுத்து முந்தியை இடது தோளில் போட்டு, அந்தக் கையை அப்படியே நீட்டி, ஜரிகையைக் காட்டி, விலையைச் சொல்வாள். எங்கெங்கோ இருந்து பார்க்கும் பெண்கள் கீழே எழுதுவார்கள். பிடித்தவர்கள் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைப் போடுவார்கள். பி.காம். படித்துவிட்டு இந்த வேலையா என்று முதலில் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். நான் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிளார்க். அவளுடைய மூன்றாவது மாதச் சம்பளம் என்னுடையதைத் தாண்டியதும் முகத்தை இறக்கிக்கொண்டேன்.

ஊசி சளிக்காய்ச்சலுக்கான தடுப்பூசி. வருடத்துக்கு ஒருமுறை போடுவது. சின்ன வயதில் அவளுக்கு வீசிங் இருந்ததால் போட்டுக்கொள்வது நல்லது என்று முன்பே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வருடம் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். கல்யாண சீசன் வேறு, கடை முழுக்க வெளியூர்க் கூட்டம். எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் நான் முதலில் தெர்மாமீட்டரைத் தேடுவேன், அப்புறம்தான் தும்மியது யார் என்று பார்ப்பேன். என் கணவர் ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அன்று காலை வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அவளுக்கு ஒண்ணுமில்ல ஆபீசரம்மா. உன் பயத்துக்கு ஏதாச்சும் ஊசி இருக்குதான்னு கேட்டுப் பாரு.”

கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன கிளினிக். சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் செய்து, “அஞ்சு நிமிஷ வேலைதான், அப்படியே வந்துடு” என்றேன். அப்படியே வந்தாள். அதாவது லைவுக்கான உடையில். பட்டுப்புடவை, அதற்கு ஆரி வேலை செய்த ரவிக்கை, முழங்கை வரை கை. இந்த ஊரில் ஆரி ரவிக்கையின் கையைத் தைக்கும்போது தோலுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாதபடிதான் தைப்பார்கள். மணியும் ஜரிகையும் வைத்துத் தைத்த அந்தக் கையை மேலே சுருட்ட முடியாது. சுருட்டினால் கல் உதிரும், தையல் விடும்.

ஊசியைத் தயாராகக் கையில் பிடித்திருந்த நர்ஸ் ரவிக்கையைப் பார்த்தார். “கை ஏறாதேம்மா” என்றார். திரைக்குப் பின்னால் போய் ரவிக்கையைத் தளர்த்தலாம் என்றால் அங்கே வேறு யாரோ படுத்திருந்தார்கள். கடிகாரத்தில் ஒன்று முப்பத்தைந்து. நான் யோசிக்கவே இல்லை. ரவிக்கையின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தேன். தோளின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. “இது போதுமாம்மா?” என்றேன். நர்ஸ் நின்றபடியே அங்கே போட்டுவிட்டார். மகள் “ஸ்ஸ்” என்றாள். ஒன்று ஐம்பதுக்குக் கடையில் இருந்தாள். எனக்கு ஒரு பெரிய வேலை முடிந்த திருப்தி.

அன்று சாயங்காலமே தோள் வலிக்கிறது என்றாள். ஊசி என்றால் வலிக்காமல் என்ன செய்யும் என்றேன். மறுநாளும் வலித்தது. கிளினிக்கில் கேட்டதற்கு ஐஸ் வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். அவள் அதிகம் சொல்லிக்கொள்ளும் பெண் இல்லை. நானோ, பயப்படக் கூடாத நேரத்தில் பயந்து, பயப்பட வேண்டிய நேரத்தில் தைரியமாக இருப்பவள்.

எனக்கு உறைத்தது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். எங்கள் சபையில் பாட்டு வேகம் எடுத்ததும் எல்லாரும் இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார்கள். எனக்கு முன்வரிசையில் நின்ற மகளின் வலது கை மட்டும் மேலே போனது. இடது கை இடுப்போடு இருந்தது. பாட்டு மாறியது, கை மாறவில்லை. ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“இன்னாம்மா, கையைத் தூக்கவே இல்ல?”

“தூக்க முடியலம்மா.”

“எப்பலேர்ந்து?”

“ஊசி போட்ட மறுநாள்லேர்ந்து. சொன்னா நீ பயப்படுவேன்னு...”

“சொல்லலன்னா மட்டும் பயப்பட மாட்டேனா?”

“சொல்லாத வரைக்கும் பயப்படலியே” என்று சிரித்தாள்.

எலும்பு டாக்டர் ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் விரலை மகளின் தோள் எலும்பின் முனையில் வைத்து, அங்கிருந்து கீழே அளந்து காட்டினார். ஊசி இறங்க வேண்டியது அந்தச் சதையில். இறங்கியிருப்பது இரண்டு விரல் மேலே, மூட்டை ஒட்டிய பையில். உள்ளே வீங்கிப்போயிருக்கிறது. சரியாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், பயிற்சி செய்ய வேண்டும் என்றார். “தடுப்பூசி மேல தப்பு இல்லம்மா. போட்ட இடம்தான் தப்பு. அடுத்த வருஷம் ஊசியே வேணாம்னு சொல்லிடாதீங்க” என்றும் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் அப்படிச் சொல்லத் தோன்றியிருக்க வேண்டும்.

ரவிக்கைக் கழுத்தை இழுத்துப் பிடித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஸ்கேனை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். சண்டை போடப் போகவில்லை, சிகிச்சைச் செலவில் ஏதாவது பங்கு ஏற்பார்களா என்று கேட்கத்தான் போனோம். மேனேஜர் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பட்டுக்கடையில வேலையா? நாள் முழுக்கப் புடவையைத் தூக்கித் தூக்கிப் போட்டா தோள் போகாம இன்னா ஆகும்?” என்றார். நான் அழத் தயாராகிக்கொண்டிருந்தேன். மகளுக்கு வந்ததோ கோபம். வலியைவிட அந்த வார்த்தைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது.

“புடவை தூக்கிப் போன தோள்னு எழுதி வச்சுட்டா, அப்புறம் எந்தக் கடையில என்னை லைவுக்கு வைப்பாங்க? ஊசியாலதான்னு அவங்க வாயால சொல்லணும்மா” என்றாள். எங்கள் வழக்கே அவ்வளவுதான். அவளுக்குப் பணம் இரண்டாம்பட்சம். தோள் கெட்டது வேலையால் அல்ல என்று யாராவது எழுதித் தர வேண்டும்.

சில நாடுகளில் இப்படித் தோளில் ஊசி தவறிப்போனால் நஷ்டஈடு கொடுப்பதற்கென்றே அரசாங்கத்தில் தனி ஏற்பாடு இருக்கிறதாம். போனில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள். இங்கே அப்படி இல்லை. காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட ஊசி என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம் என்று பள்ளிக்கு வரும் ஒரு பெற்றோர் சொன்னார். இருபத்திரண்டு வருடம் பள்ளிக் கடிதங்கள் எழுதிய கை என்னுடையது. உட்கார்ந்து எழுதினேன். பதினான்கு பக்கம் வந்தது. என் கணவர் கட்டைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, “புதிய ஏற்பாடு முடிஞ்சுதா, இல்ல இன்னும் இருக்குதா?” என்றார்.

டைப்பிங் சென்டரில் இருந்த பெண்மணி ஆணையத்துக்கான மனுக்களை நிறைய அடித்தவர். பதினான்கு பக்கத்தை ஐந்தாக்கினார். மகளின் வீசிங் வரலாறு போனது, அன்று நான் சமைத்த குழம்பு போனது. “ரவிக்கையின் கழுத்தை நான் இழுத்துப் பிடித்தேன்” என்ற வரியில் அவர் விரல் நின்றது.

“இத்த எடுத்துடுங்கம்மா. இது இருந்தா கேஸு நிக்காது.”

“நடந்ததாச்சே.”

“நடந்ததெல்லாம் எழுதுனா தாளு பத்தாதும்மா.”

மகளைப் பார்த்தேன். “எடுத்துடும்மா. நீ எனக்கு எதிரா சாட்சி சொல்லுவியா?” என்றாள் விளையாட்டாக. எடுத்துவிட்டோம். அந்த வரி தாளிலிருந்து போனதே தவிர என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. பள்ளியில் யாருடைய சான்றிதழில் கையெழுத்துக்கு இடம் காட்டினாலும் என் இரண்டு விரல்கள் கண்ணில் படும்.

கிளினிக் தரப்பில் ஒரு இளம் வக்கீல் வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை, என்னை “அம்மா” என்றுதான் கூப்பிடுவார். அவர் தாக்கல் செய்த பதிலில் இரண்டு விஷயம் இருந்தது. ஊசி சரியான இடத்தில்தான் போடப்பட்டது. தோள்வலி, புகார்தாரர் பல மாதங்களாகச் செய்துவரும் வேலையால் முன்பே வந்தது.

இரண்டாவதை உடைத்தது லைவ் பார்த்த பெண்கள். கடை முதலாளியம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவசரமாகக் கோபம் வந்தால் அதுதான் முதலில் வரும். பதிலைப் படித்துவிட்டு, “அய்யோ தேவுடா, என் கடைப் புடவை தோளை உடைக்குதுன்னா எழுதியிருக்கான்?” என்று கத்திவிட்டு, பழைய லைவ் வீடியோக்களை எல்லாம் திறந்து எங்கள் முன்னால் வைத்தார். ஊசிக்கு முந்தைய நாள் வரை முந்தி இடது தோளில், கை நீட்டி, ஒரு குறையும் இல்லை. ஊசி போட்ட மறுநாள் முந்தி வலது தோளுக்கு மாறியிருக்கிறது. கையைத் தூக்க முடியாமல் அவளாகவே மாற்றிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் வலது தோளில் முந்தி போடுவார்களா? பார்த்த பெண்கள் விடுவார்களா? கீழே கருத்துகளாகக் கொட்டிக் கிடந்தது.

“ஏம்மா பொண்ணு, இன்னைக்கு சேட்டு வீட்டுக் கட்டா?”

“முந்தி தப்புப் பக்கம் இருக்குது, யாராச்சும் சொல்லுங்கப்பா.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துது இந்தப் பாப்பா? புடவையே கட்டத் தெரியாத ஆளு மாதிரி நிக்குது.”

“இடது கை இன்னா வாடகைக்குப் போயிருக்குதா?”

ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம். மகள் அப்போது இதையெல்லாம் படித்துக்கொண்டே சிரித்தபடி விலை சொல்லியிருக்கிறாள். நான் அந்த வீடியோவையே மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவளோ, “மா, இவங்க எல்லாரும் நம்ம சாட்சிம்மா. ஒருத்தருக்கும் பஸ் காசுகூடத் தரவேண்டாம்” என்றாள். எல்லாவற்றையும் அச்செடுத்து, வரிசை எண் போட்டுத் தாக்கல் செய்தோம். ஆணையத்தின் தலைவர் ஒரு பெண். வாடகைக் கை என்ற வரியைப் படிக்கும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வாய்தாவில்தான் நான் பயந்த விஷயம் வந்தது. முன்பே இருந்த வலி என்ற வாதம் போய்விட்டதால் வக்கீல் வேறு பக்கம் திரும்பினார். எழுந்து, மிகவும் அமைதியாகச் சொன்னார்: “மேடம், புகார்தாரர் அன்னைக்கு இறுக்கமான ரவிக்கை போட்டுக்கிட்டு வந்திருக்காங்க. கையைச் சுருட்ட முடியல. அவங்களேதான் கழுத்துப் பக்கம் இறக்கித் தோளைக் காட்டி, இங்கேயே போடுங்கன்னு அவசரப்படுத்தியிருக்காங்க. அதுக்கு எங்க கிளினிக் எப்படிப் பொறுப்பு?”

என் மகள் தலை குனிந்தாள். அவள் அவசரப்படுத்தவில்லை. அவள் எதையும் இறக்கவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ‘ஸ்ஸ்’ என்று சொன்னது ஒன்றுதான் அவள் செய்தது. நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

“ஐயா, அவ மேல சொல்லாதீங்க. இழுத்துப் பிடிச்சது நான். இது போதுமான்னு கேட்டதும் நான்தான். மனுவில அதை எழுதாம விட்டதும் நான்தான்.”

“மா...” என்று மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வக்கீல் பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. “மேடம், அவங்களே ஒப்புக்கிட்டாங்க” என்றார். நான் உட்கார்ந்தேன். முடிந்தது, அவளுடைய தோளையும் கெடுத்து, கேஸையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கைக்குட்டை எங்கே என்று தேடினால் பையில் தெர்மாமீட்டர்தான் அகப்பட்டது.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். வக்கீலைப் பார்த்து, “கழுத்துப் பக்கம் இறக்கின இடத்துலதான் ஊசி போட்டாங்க, இல்லையா?” என்று கேட்டார். “ஆமா மேடம்.”

“உங்க பதில்ல சரியான இடத்துல போட்டதா எழுதியிருக்கீங்களே?”

வக்கீல் தாளைப் புரட்டினார்.

“அந்தம்மா ஸ்கூல் கிளார்க். நர்ஸ், நர்ஸ். கிளார்க் இழுத்துக் காட்டின இடத்துல நர்ஸ் போட்டுடலாமா? இங்க போடக் கூடாது, ரவிக்கையைத் தளர்த்திட்டு வாங்கன்னு சொல்ல வேண்டியது யாரு?”

வக்கீல் அடுத்த வாய்தாவில் எழுத்துப்பூர்வமாகத் தருவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, “அம்மா, நீங்க எழுந்திருக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். “யாருக்குப்பா?” என்றேன். “எனக்குத்தாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உத்தரவு வர மேலும் சில மாதம் ஆனது. அதில் ஒரு பத்தியை நான் பார்க்காமலே சொல்வேன். ஊசி போடும் இடத்தைத் தேர்வு செய்வது போடுபவரின் கடமை, உடன் வந்தவர் துணியை விலக்கியதால் அந்தக் கடமை போட்டவரை விட்டுப் போய்விடாது, தோள்பட்டைக் காயம் ஊசியால் ஏற்பட்டதே அன்றிப் புகார்தாரரின் தொழிலால் ஏற்பட்டதல்ல. அந்தக் கடைசி வரியை முதலாளியம்மா படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டுகிறேன் என்றார். மகள் தடுத்துவிட்டாள்.

நான் அந்தப் பத்தியை முதலில் பள்ளியில் படித்தேன், பிறகு வீட்டில் படித்தேன், பிறகு ஆட்டோவில் என் கணவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். “போதும் ஆபீசரம்மா. நீ பண்ணலன்னு எழுதிட்டாங்க, மனப்பாடம் பண்ணாத” என்றார். எழுதிவிட்டார்கள்தான். ஆனாலும் என்னால் இன்று வரை எந்தக் குழந்தையின் சட்டைக் கழுத்தையும் சரிசெய்ய முடிவதில்லை. கை போகும், பாதியில் திரும்பிவிடும்.

கிளினிக் மேல்முறையீடு போகாமல் பணத்தைக் கட்டிவிட்டது. சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், காயத்துக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை. வழக்குச் செலவு என்ற தலைப்பைப் பார்த்ததும் என் கணவர், ஆணையத்துக்குப் போய்வந்த சவாரிகளுக்கு மீட்டர் போடவில்லையே என்று வருத்தப்பட்டார். ஷேர் ஆட்டோவில் ஏது மீட்டர் என்று மகள் கேட்டாள்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் உத்தரவை எடுத்து வைத்துக்கொண்டு, “மா, இதுல எல்லாம் என்னுதுதான். இது ஒண்ணு மட்டும் உன்னுது” என்று மன உளைச்சல் வரியில் விரலை வைத்தாள்.

“புகார்தாரர் நீதானே?”

“பேரு என்னுது. உளைச்சல் உன்னுது. நான் நல்லாத் தூங்கினு இருந்தேன். நீதான் சுவரைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருந்த.”

“எனக்கு எதுக்குடி பணம்?”

“சும்மா தரல. கண்டிஷன் இருக்குது. இதை வாங்கிக்கினா உளைச்சல் முடிஞ்சுதுன்னு அர்த்தம். நாளையிலேர்ந்து காலைல கையைத் தூக்குன்னு சொல்லக் கூடாது.”

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். “தூக்கு” என்பேன். அவள் டிபன் பையை மாட்டிக்கொண்டே இடது கையைத் தூக்கிக் காட்டுவாள். முதலில் இடுப்பு அளவில் நின்றது. பிறகு தோளுக்கு வந்தது. பயிற்சியெல்லாம் முடிந்து இப்போது காதைத் தொட்டு நிற்கிறது, முந்தி பழையபடி இடது தோளுக்கே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பாக்கி இருப்பதாக எனக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றாது.

சரி என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டேன். என் போனில் பணம் வந்த செய்தி வந்தது. நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலை அவள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “தூக்கு” என்றேன்.

அவள் கையைத் தூக்கவில்லை. போனைத்தான் எடுத்தாள். “அனுப்பும்மா பணத்தை” என்றாள். அனுப்பினேன். அதன் பிறகு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். அந்தப் பணம் இன்னும் அவள் கணக்கில்தான் இருக்கிறது.